ஒட்டினால் மட்டும் மருந்தாகிவிடுமா?

 

டெலோமியர் என்ற சொல் இப்போது எல்லார் கைபேசிக்கும் வந்துவிட்டது. அதை நீளமாக்கினால் முதுமை வராதாம், அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறதாம். நடைப்பயிற்சியில் சந்திக்கும் நண்பர்கள்கூடக் கேட்கிறார்கள். 32 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குரோமோசோமின் நுனிதான் டெலோமியர். கோரைப்பாய் நெய்பவர்கள் ஓரம் பிரியாமல் இருக்க மடக்கிக் கட்டுவார்கள் அல்லவா, அதே வேலைதான். மனிதர்களுக்கு அதில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் இந்த நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்ததை வளர்த்துக் கொடுக்க டெலோமரேஸ் என்ற நொதி உண்டு. 1984-ல் பெர்க்லியில் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் அதைக் கண்டுபிடித்தார்கள். 2009-ல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி ஓய்ந்தே இருக்கும். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதத்தில் அது விழித்துக்கொள்கிறது. நுனி தேயாததால் அந்தச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன.

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். அவருடைய அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. "சார், ஒருத்தர் டெலோமியர் கேப்சூல் தர்றேங்கிறார். அம்மா கீமோவுல ரொம்ப வாடிட்டாங்க. அதை நிறுத்திட்டு இதைக் கொடுக்கலாமா?" என்றார்.

"டப்பாவுல என்னப்பா போட்டிருக்கு?"

"டெலோமியரை நீளமாக்கும்னு போட்டிருக்கு சார்."

"புற்றுச் செல்லுக்கும் அதுதானேப்பா வேணும்?"

சற்று நேரம் பேச்சில்லை. கீமோவை நிறுத்த வேண்டாம், எதைக் கொடுப்பதானாலும் முதலில் டப்பாவை டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். பிறகு அவரே கேட்டார். "அப்போ அது நீளாம தடுக்கிற மருந்து இருக்கா சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

ஜி என்பது குவானின். சைட்டோசினோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் டெலோமியரின் கடைசித் துண்டுக்கு எதிர் இழை கிடையாது. துணையில்லாத அந்த இடத்தில் நான்கு குவானின்கள் தங்களுக்குள்ளேயே கைகோத்து ஒரு சதுரமாகின்றன. ஒரு சதுரத்துக்கு எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். குவானிலிக் அமிலத்தில் இப்படிப்பட்ட சதுரம் அமைவதை 1962-லேயே மார்ட்டின் கெல்லர்ட்டும் சகாக்களும் எக்ஸ் கதிர் ஆய்வில் கண்டிருந்தார்கள்.

டெலோமியரில் இப்படி மூன்று சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இட்லித் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பி இருக்கும் இடத்தில் இங்கே பொட்டாசியம் அயனிகள் அமர்ந்து தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். டி.டி.ஏ எழுத்துகள் பக்கவாட்டில் வளையம்போலச் சுற்றிப் போகும். இதற்கு ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்று பெயர். நாம் நான்கிழை மடிப்பு என்று சொல்லலாம். நுனி இப்படி மடிந்துகொண்டால் டெலோமரேஸால் அதைப் பிடித்து நீட்ட முடிவதில்லை என்று 1991-ல் ஒரு சோதனைக்குழாய் ஆய்வு காட்டியது.

அப்படியானால் மடிப்பு பிரியாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறு மூலக்கூறு போதுமே! 1997-ல் ஸ்டீபன் நீடில், லாரன்ஸ் ஹர்லி குழுவினர் ஆந்த்ராகுவினோன் வகைச் சேர்மம் ஒன்றால் டெலோமரேஸைத் தடுத்துக் காட்டினார்கள். 2001-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து டெலோமெஸ்டாடின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் தந்த அதே குடும்பம்தான்.

இவை ஒட்டும் விதம் எளிமையானது. மூலக்கூறு தட்டையாக இருக்க வேண்டும். அடுக்கின் மேல்தட்டிலோ அடித்தட்டிலோ இன்னொரு தட்டுபோலப் போய்ப் படியும். பக்கத்தில் நேர்மின்னூட்டம் உள்ள கைகள் இருந்தால் அவை பள்ளங்களுக்குள் இறங்கி, எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். நான்கு குவானின் சேர்ந்த சதுரம், சாதாரண இரட்டைச் சுருளின் ஒரு ஜோடியைவிட அகலமானது. ஆகவே அகலமான மூலக்கூறு இரட்டைச் சுருளை விட்டுவிட்டு இங்கே தேடி வரும்.

இதுவரை கேட்டால் மருந்து கையில் கிடைத்ததுபோல இருக்கும். சிக்கல் இனிமேல்தான். டெலோமியர் நல்ல செல்லிலும் இருக்கிறது. அதோடு, இந்த மடிப்பு அமையக்கூடிய வரிசைகள் மனித மரபணுத் தொகுதியில் 3,70,000-க்கும் மேல் என்று 2005-ல் கணினியில் கணக்கிட்டார்கள். 2015-ல் வரிசைப்படுத்திப் பார்த்தபோது 7,00,000-ஐத் தாண்டியது. மேல்தட்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்கொன்று வேறுபடுவது பக்கவாட்டு வளையங்களும் பள்ளங்களும்தான். நமக்கு வேண்டிய மடிப்பை மட்டும் அடையாளம் காண மருந்தின் கைகள் அவற்றைத்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

இந்த மடிப்பு மனித செல்லுக்குள் இருப்பதை 2013-ல் எதிர்ப்பொருள் கொண்டு படம்பிடித்துக் காட்டியது கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்ரமணியன் குழு. அவர் சென்னையில் பிறந்தவர் என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை.

நோயாளிகளிடமும் சோதித்தார்கள். குவார்ஃப்ளாக்சின் என்ற நான்கிழைப் பிணைப்பி இரண்டாம் கட்டச் சோதனையோடு நின்றுவிட்டது. சிஎக்ஸ்-5461 என்பது டெலோமியருக்கென்றே செய்யப்பட்டதல்ல, ஆனாலும் இந்த மடிப்பைப் பிடிக்கும். டி.என்.ஏ பழுதுநீக்கம் கெட்டுப்போன சிலரின் கட்டிகள் அதில் சுருங்கியதாக 2022-ல் முதல்கட்ட முடிவு வந்தது. ஆனால் வெளிச்சம் பட்டால் பாதிப்பு வருவதால் மருந்தின் அளவை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. டெலோமியர் மடிப்பைப் பிடிக்கும் சிறு மூலக்கூறு எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

கட்டமைப்பு தெரிந்து, ஒட்டும் விதமும் தெரிந்து, இத்தனை ஆண்டுகள் ஆகியும் "மருந்து" என்று சொல்ல அந்த ஆய்வாளர்களே தயங்குகிறார்கள். டப்பாவில் அடைத்து விற்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிகிச்சையில் இருப்பவர்களிடம் யாராவது அப்படி ஒரு டப்பாவை நீட்டினால், இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.