வால் டியூபும் வத்திக்குச்சியும்

புனேக்குப் போகிறவர்கள் சனிவார்வாடா கோட்டையைப் பார்ப்பார்கள், பாகர்வடி நாலு பாக்கெட் வாங்குவார்கள், ரயில் ஏறிவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். ஆனால் அங்கே எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் விடவில்லை.

"மாமா, கோட்டை எங்கேயும் ஓடிடாது. இன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை. அயூகாவுக்குப் போவோம்."

அயூகா, புனே பல்கலைக்கழக வளாகத்தில் 1988-ல் தொடங்கிய வானியல் ஆராய்ச்சி மையம். முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நாலு பேரும் சிலையாக இருக்கிறார்கள். யார் கழுத்திலும் மாலை இல்லை. நம்மூர் சிலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது!

இரண்டாவது சனிக்கிழமைகளில் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காகவே விஞ்ஞானிகள் பேசுகிறார்கள். மையத்தை உருவாக்கியவர் 2025-ல் மறைந்த ஜெயந்த் நார்லிகர். பிள்ளைகள் ஆட்டோகிராஃப் கேட்டு நீட்டினால் போடமாட்டாராம். "போஸ்ட் கார்டில் ஒரு கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும்" என்பாராம். கையெழுத்துக்கு விலை ஒரு கேள்வி!

பக்கத்திலேயே 'முக்தாங்கண்' என்ற சிறுவர் அறிவியல் மையம். முக்தாங்கண் என்றால் திறந்த முற்றம். மராத்தியின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பெயரிலுள்ள அறக்கட்டளை கொடுத்த பணத்தில் எழுந்தது. உள்ளே கம்ப்யூட்டர், ரோபோ என்று கற்பனை செய்துகொண்டு போனேன். மேஜை மேல் இருந்தவை வத்திக்குச்சி, சைக்கிள் வால் டியூப், ஊக்கு, பழைய பேப்பர்.

இந்தச் சாமான்களின் கதை மத்தியப் பிரதேசத்தில் தொடங்குகிறது. ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில், மனப்பாடம் வேண்டாம், செய்து பார்த்துப் படிக்கட்டும் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978-ல் லாரி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போனார். சந்தையில் மலிவாகக் கிடைத்த வால் டியூபைத் துண்டாக வெட்டி, மருந்தைச் சுரண்டிய வத்திக்குச்சிகளை அதில் செருகினார். சதுரம் செய்தால் அமுக்கியதும் சாய்கிறது, முக்கோணம் அசையவில்லை. பாலத்திலும் மின்சார டவரிலும் ஏன் இத்தனை முக்கோணம் என்று பிள்ளைக்கு விரலே சொல்லிவிடுகிறது. பிற்பாடு அவர் முக்தாங்கணில் பதினோரு வருடம் பொம்மை செய்தார். 2018-ல் பத்மஸ்ரீ. ஹோஷங்காபாத் திட்டத்தை மட்டும் 2002-ல் அரசாங்கம் மூடிவிட்டது.

நான் போன அன்று ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் மோட்டார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பேட்டரி செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பிச் சுருள். அவ்வளவுதான். ஒரு சிறுமியின் சுருள் மட்டும் சுற்றவில்லை. திட்டு விழும் என்று பயந்து சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவர் மராத்தியில் ஏதோ சொல்ல, மருமகன் மொழிபெயர்த்தான்: "இன்னொண்ணு செஞ்சு பாரு, கம்பி நிறைய இருக்குன்னு சொல்றார் மாமா."

கம்பி நுனியில் எனாமலை முழுசாகச் சுரண்டியிருந்தாள். ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் பாதிச் சுற்றுக்கு மின்சாரம் தள்ளும், மீதியை வேகமே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது சுருள் விர்ரென்று சுற்றியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் படித்த பள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது, பூட்டிய பீரோவுக்குள். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் உற்சவமூர்த்தி மாதிரி வெளியே வரும். தொட்டால் உடைந்துவிடும் என்பார்கள். அது உடையவே இல்லை. எங்களுக்குள் இருந்த ஆசைதான் உடைந்தது.

விஞ்ஞானத்துக்குப் பணம் வேண்டும், வாஸ்தவம். அதற்கு முன்னால், கெட்டுப்போனால் இன்னொன்று தருகிற மனசு வேண்டும்.

எனவே வாசகர்களே, கரண்ட் போன நேரத்தில் தீப்பெட்டி காலியாக இருந்தால் பையனை அடிக்கக் கை ஓங்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் பாருங்கள். ஒரு பாலம் கட்டி முடிகிற நிலையில் இருக்கலாம்!