வளர்ந்த பிள்ளைகளோடு அங்கோர்

சிறு பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் போவது எளிய காரியம். யானையைக் காட்டினால் மகிழ்வர். கடலைக் கண்டால் துள்ளுவர். பதினான்கு, பதினேழு வயதை எட்டிவிட்ட பிள்ளைகளின் இயல்பு வேறு. பெற்றார் சுட்டிக்காட்டும் பொருளில் அவர்கள் மனம் நிலைப்பதில்லை. தாமே கண்டறிந்ததிலேயே நிலைக்கும். அன்றியும், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து செல்லும் காலம் இது. குடும்பம் முழுவதும் ஒன்றாகப் புறப்படக்கூடிய பிரயாணங்கள் அதன்பின் ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். ஆதலால் எங்கே போவது, எவ்வாறு போவது என்பது ஆறுதலாகச் சிந்தித்து முடிவு செய்ய வேண்டியதாகும்.

ஒரு வாரத்தில் மூன்று தேசங்களைக் காட்டித் திருப்பி அனுப்பும் சுற்றுலாக்கள் இப்பொழுது மலிந்துள்ளன. அவற்றிற் செல்வோர் விமான நிலையங்களையே மிகுதியாகக் காண்கின்றனர். குறுகிய பிரயாணத்திற்கு ஓரிடமே போதும் என்பது என் துணிபு. அவ்விடமும், பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த ஒன்றை அறியாத கோலத்தில் அவர்கள் முன் நிறுத்துவதாக இருத்தல் நன்று. இவ்வெண்ணத்துடனேயே சென்ற டிசம்பர் விடுமுறையில் மனைவியுடனும், பதினேழு வயது மகள், பதினான்கு வயது மகன் ஆகியோருடனும் கம்போடியாவிலுள்ள அங்கோருக்குச் சென்று ஐந்து நாட்கள் தங்கினேன்.

கொழும்பிலிருந்து செல்வோர் பாங்கொக், சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகரங்களுள் ஒன்றில் விமானம் மாறிச் சியெம் ரீப் நகரை அடையலாம். 2023இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து வெகு தொலைவில் உள்ளமையால் வண்டிச் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கோரை மூன்று நாட்கள் பார்ப்பதற்கான அனுமதிச்சீட்டின் விலை 62 அமெரிக்க டொலர். அம்மூன்று நாட்களும் தொடர்ந்து வரவேண்டும் என்பதில்லை, இடையில் இளைப்பாறலாம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரியோர் கட்டணமே. நவம்பர் முதல் பெப்ரவரி வரை மழை குறைந்த, ஓரளவு குளிர்ந்த காலம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அவசியம்.

வரைபடத்தை மகனிடமும் நாட்செலவுக் கணக்கை மகளிடமும் ஒப்படைத்துவிட்டேன். விடியுமுன் புறப்படுவது, நடுப்பகலில் விடுதிக்குத் திரும்புவது, வெயில் தணிந்தபின் மீண்டும் செல்வது என்பன அவர்கள் வகுத்த ஒழுங்கே.

அங்கோர் வாட், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த கோயில். ஏறக்குறைய 190 மீற்றர் அகலமான அகழி அதனைச் சூழ்ந்துள்ளது. நடுக்கோபுரம் நிலத்திலிருந்து 65 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. பிற்காலத்தில் பௌத்தத் தலமாகி, இன்றும் பிக்குமார் வந்து வணங்கும் இடமாக விளங்குகிறது. இவற்றை நான் சொல்லி முடிப்பதற்குள் மகன் முன்னே போய்விட்டான். மேற்குப் பிராகாரச் சுவரில் ஒரு பக்கம் குருட்சேத்திரம். அம்புகள் தைத்த பீஷ்மர் சாய்ந்து கிடக்கிறார். மறுபக்கத்திலிருந்து மகனின் குரல் கேட்டது: "அப்பா, இங்கே வாருங்கள். பத்துத் தலை! இது எங்கள் ஊர்ச் சண்டை!" அனுமன் தோளில் நின்று இராமன் போர் புரிய, இருபது கைகளுடன் எதிர்நின்றான் இராவணன். கிழக்குப் பிராகாரத்தில் ஏறக்குறைய 49 மீற்றர் நீளத்திற்குப் பாற்கடல் கடையப்படுகிறது. வாசுகியைப் பற்றி இழுக்கும் அசுரர் 92 பேர், தேவர் 88 பேர் என்று நூல்கள் கூறுகின்றன. அதனை நம்பாத மகன் ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினான். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

தேவரையும் அரசரையும் மாத்திரம் கண்டு திரும்புதல் போதாது. ஏழாம் ஜயவர்மன் எடுப்பித்த பாயோன் கோயிலின் புறச்சுவரில் சந்தையும் சேவற்போரும் மீன்பிடியும் சமையலும் செதுக்கப்பட்டுள்ளன. அந்த மீன்களுக்குப் பெயர்பெற்ற தொன்லே சாப் ஏரி அண்மையிலேயே உள்ளது. மழைக்காலத்தில் மீகொங் நதியின் வெள்ளம் உந்துவதால் ஏரியின் ஆறு எதிர்த்திசையில் ஓட, ஏரி பன்மடங்கு விரிகிறது. மேற்குப் பாராய் என்னும் குளமோ மனிதர் கையால் ஆக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 8 கிலோமீற்றர், அகலம் 2 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வன்னிக் குளங்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, நீரைத் தேக்கியவனே நாட்டை ஆண்டான் என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள், நகருக்கு வடகிழக்கே ஒரு மணிநேர ஓட்டத்திலுள்ள பந்தியாய் சிரேய் சிவன் கோயிலுக்குச் சென்றோம். 967இல் பிரதிட்டை செய்யப்பட்ட இக்கோயிலை எடுப்பித்தவர் அரசரல்லர்; யக்ஞவராகர் என்னும் அரசகுரு. செந்நிற மணற்கல்லாலான சிறிய கோயில். முகப்பொன்றில் இறைவன் ஆடுகிறார். அருகே வற்றி மெலிந்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருக்கிறார். மகள் நெடுநேரம் பார்த்து நின்றுவிட்டு, "அப்பா, இது காரைக்கால் அம்மையார் அல்லவா?" என்று கேட்டாள். ஆராய்ச்சியாளரும் அவ்வாறே கொள்கின்றனர். நான் அதனை முன்னரே படித்திருந்தும் வேண்டுமென்றே சொல்லாது விட்டிருந்தேன். பரீட்சைக்கென்று சைவநெறிப் பாடத்திற் படித்த அம்மையாரை, ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்லில், அயல்நாட்டுக் காட்டின் நடுவே அவளே கண்டுகொண்டாள். அன்று அவள் முகத்திலிருந்த மலர்ச்சியை எந்தப் பெறுபேற்று நாளிலும் நான் கண்டதில்லை.

அக்கோயிலுக்கு அண்மையில், அதே வீதியில், மிதிவெடி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது படையிற் சேர்க்கப்பட்டு வெடிகளைப் புதைத்த ஒருவர், பின்னாளில் தம் கைகளாலேயே அவற்றைத் தோண்டியெடுத்து 1997இல் தொடங்கியது அது. அங்கே கம்போடியாவின் அண்மைக்காலக் கதையைப் பிள்ளைகள் அறிந்தனர். 1975 ஏப்ரல் 17ஆந் திகதி கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றி, சில நாட்களுள் அங்கிருந்த மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். 1979 ஜனவரியில் அவ்வாட்சி வீழ்வதற்குள் பதினைந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "ஒரு நகரம் முழுவதும் எப்படி வெறுமையாகும் அப்பா? நீங்கள் வெளிக்கிட்டபோதும் இப்படித்தானா?"

இரண்டு நாடுகளின் கதையும் ஒன்றல்ல. ஆயினும் 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்கும் அவளுடைய வயதே. நாவற்குழிப் பாலத்தில் மழையோடு நின்ற சனத்திரளையும், பாட்டியாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றதையும், பல ஆண்டுகளின்பின் மீண்டபோது எங்கள் ஒழுங்கையில் நின்ற மிதிவெடி அபாயப் பலகைகளையும் அன்று சொன்னேன். போர் முடிந்த காலத்தையொட்டிப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். வீட்டில் இப்பேச்சு எழும்போதெல்லாம் படிப்பு, வேலை என்று ஏதாவதொன்று குறுக்கிடும். அந்த வண்டியில் குறுக்கிடுவதற்கு ஒன்றுமில்லை. மகன் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவியும் தம் பங்கைச் சொன்னார். அவற்றுட் சில நானும் அறியாதவை.

வளர்ந்த பிள்ளைகளோடு வெளிநாடு செல்ல எண்ணும் பெற்றாருக்கு என் வேண்டுகோள் இதுவே: ஓரிடத்தைத் தெரிந்து, அங்கேயே தங்குங்கள். நீங்கள் அறிந்தவற்றிற் பாதியைச் சொல்லாது விடுங்கள். மீதியை அவர்கள் காண்பர். நாள்தோறும் மாலையில் ஒரு மணிநேரத்தை எந்த நிகழ்ச்சியும் இன்றி ஒதுக்கி வையுங்கள். அவ்வேளையில் அவர்கள் கேட்கும் வினா கோயிலைப் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம். எதைப் பற்றியதாயினும் உண்மையான விடையைச் சொல்லுங்கள். அதனைக் கேட்டுக்கொள்ளும் வயது அவர்களுக்கு வந்துவிட்டது.