கடன் அவள் பேரில், நிலம் யார் பேரில்?

பூதலூர்ப் பக்கம் ஒரு தெரு. நடவு முடிந்து, சேறு கழுவிய கையோடு பத்துப் பதினைந்து பெண்கள் கோயில் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நீளமான நோட்டு. ஒருவர் பேர் வாசிக்க, மற்றவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து சேமிப்புப் பணத்தைக் கொடுக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. ஆனால் இந்தத் திண்ணைக்கும் ரோம் நகரத்துக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

ஐ.நா.வின் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்துக்கு ரோமில்தான் தலைமையகம். அதன் நிதியுதவியோடு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இந்தக் குழுக்களை ஆரம்பித்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-ல் தமிழக அரசு அதையே 'மகளிர் திட்டம்' என்று தன் சொந்தப் பணத்தில் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது.

இதனால் நன்மை இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. ஜாமீன் கொடுக்க ஒன்றும் இல்லாத பெண்ணுக்கு வங்கி கடன் கொடுக்கிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். வங்கி மேனேஜர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் பி.காம். முதல் வருடப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் கடன் இருந்தால் மறுபக்கம் சொத்து இருக்க வேண்டும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவின் கணக்கைப் பாருங்கள். குழுவில் வாங்கிய கடன் அவர் பேரில். அந்தப் பணம் போனது சம்பா சாகுபடிக்கு, உரத்துக்கும் உழவுக்கும். நிலத்தின் பட்டா மாமனார் பேரில். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். மத்திய அரசு 2019-லிருந்து விவசாயிகளுக்குத் தரும் வருடம் 6,000 ரூபாயும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். மழையில் பயிர் மூழ்கினால் நிவாரணம் பட்டாதாரருக்கு வரும். தவணை மட்டும் அக்காவைத் தேடி வரும். அவர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் அதைக் கட்ட வேண்டும். நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும் பெண்கள். ஆனால் காகிதத்தில் 'விவசாயி' ஆண்!

உலகம் முழுக்க இதே கதைதான். வங்கதேசத்தின் கிராமீன் வங்கிக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தபோது நுண்கடன் வறுமையை ஒழித்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2010-ல் ஆந்திராவில் தனியார் நுண்கடன் கம்பெனிகளின் வசூல் நெருக்கடி பெரிய பிரச்சினையாக வெடித்தது. ஹைதராபாத் உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் 2015-ல் வெளிவந்தன. கடனால் கொஞ்சம் உதவி உண்டு, ஆனால் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை என்பதே அவற்றின் சாரம்.

அப்படியானால் வழி? அது நம் டெல்டாவிலேயே இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பகுதிக்கே வந்து வேலை செய்தார்கள். 1981-ல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலச்சொந்தக்காரர்களிடம் பேசி நிலத்தை வாங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். யார் பேரில் தெரியுமா? பெண்கள் பேரில். 2008-ல் அவர்களுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

சட்டமும் பக்கத்தில்தான் இருக்கிறது. தர்மபுரியில் குழு தொடங்கிய அதே 1989-ல்தான் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுக்க அது சட்டமானது. ஆனாலும் அண்ணன் தம்பி கூப்பிட்டால் சார்பதிவாளர் ஆபீஸ் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் இன்னும் பல வீடுகளில் வழக்கம். சீர் செய்தாயிற்றே, பிறந்த வீட்டு உறவு போய்விடக் கூடாதே என்கிற பயம்.

குழுவில் கற்றுக்கொண்ட அந்தக் கையெழுத்து, கடன் பத்திரத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் மட்டும்தானா? ஒரு நாள் பட்டாவிலும் அந்தப் பேர் வர வேண்டும். அன்றைக்குத்தான் அக்காவின் கணக்கு இரண்டு பக்கமும் சரியாகும்.