எத்தனை நாள் இந்தக் காவல்?

குழந்தை உறங்கும் அறையில் ஒரு சிறு பெட்டி. பெற்றோர் உறங்கும் அறையில் அதன் ஜோடி. முன்னது கேட்கிறது, பின்னது கேட்டதை ஒலிக்கிறது. கடைக்காரர்கள் இதனைப் ‘பேபி மானிட்டர்’ என்பார்கள். ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளில் மட்டுமன்றி, குளுவாங், ரெங்கம், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் கிராணிமார் வீடுகளிலும் இது இன்று இடம் பிடித்துவிட்டது. இதனை வாங்கச் சொல்லுவோர் பலர். எப்பொழுது நிறுத்தலாம் என்று சொல்லுவோரைக் காணோம். விற்பவருக்கு அந்தக் கவலை இல்லை. வாங்கினவருக்கோ அந்தத் துணிவு வருவதில்லை. இஃதோர் அற்ப விஷயம் என்று நேயர்கள் எண்ணலாம். என் வீட்டில் இது அற்பமாக இருக்கவில்லை.

இந்த யந்திரம் அச்சத்தில் பிறந்தது. 1932-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க்கின் இருபது மாதக் குழந்தை மாடியறையிலிருந்து களவாடப்பட்டது. பெற்றோர் இருவரும் அந்நேரம் அதே வீட்டில்தான் இருந்தனர். தாதி சென்று பார்த்த பிறகே தொட்டில் வெறுமையாயிருப்பது தெரிந்தது. மே மாதத்தில் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. இச்செய்தி பெற்றோர் உலகத்தையே கலக்கிற்று. சிக்காகோ நகரத்து ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜின் மக்டோனல்டின் முயற்சியால், இசாமு நொகுச்சி என்ற சிற்பி உருவம் அமைத்துக் கொடுக்க, 1938-இல் ‘ரேடியோ நர்ஸ்’ விற்பனைக்கு வந்தது. தொட்டிலருகே வைக்கும் பெட்டிக்குக் ‘காவற்செவி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். அது வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே ஓசையை அனுப்பியதால் வேறு ஒலிபரப்புகளும் இடையே புகுந்து குழப்பின. வியாபாரம் செழிக்கவில்லை. ஆயினும் அது கிளப்பிய ஆசை மறையவில்லை. அதன் பேரப்பிள்ளைகளே இன்று நம் கட்டிலருகே பச்சை விளக்கெரிய உட்கார்ந்திருக்கின்றன.

நம் முன்னோருக்கு இக்கருவி வேண்டியிருக்கவில்லை. பழைய பலகை லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாவது வீட்டுக் கிழவி எழுந்து உட்காருவாள். பால்மரம் வெட்டப் போகும் தாய், விடியுமுன் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள்; அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். லயம் முழுவதுமே ஒரு காது. இன்று எங்கள் பக்கத்தில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல வெறிச்சோடிவிட்டன. கிராணி வீடு கல்வீடாகி, குளிர்சாதனம் வைத்து, கதவு சாத்தப்பட்டுவிட்டது. இழந்த காதுக்குப் பதிலாக யந்திரக் காது வந்தது. ஆகையால் யந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று.

அந்தப் பழைய காதும் எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிடவில்லை. 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 ஓராண்டு முடியுமுன் இறந்தன. இன்று மலேசியாவில் அத்தொகை 10-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது வெறும் கணக்காகத் தோன்றலாம்; ஆனால் அந்தப் பழைய இலக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு நம் வீடுகளில் பாட்டிமார் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.

எங்கள் மகளுக்கு ஒரு வயது நிரம்பும் வரை எங்கள் அறையிலேயே தனித் தொட்டிலில் உறங்கினாள். பிறகு அடுத்த அறைக்குப் போனாள். பெட்டியும் உடன் போயிற்று. இரண்டு வயது கடந்ததும் அதனை நிறுத்திவிடலாம் என்றாள் என் மனைவி. அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஐந்து மணிக்கு எழ வேண்டியவள். குழந்தை புரண்டு படுத்தாலும், கொசுவலை உரசினாலும், பெட்டி அதனைப் பெரிதாக்கி அவள் செவியில் கொட்டிற்று. என் தாயார் மறுவார்த்தை பேசவில்லை. அன்றிரவு அந்தப் பெட்டியை எடுத்துத் தம் தலையணைக்கருகில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் கேட்டபோதுதான், வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு செய்தியை அவர் சொன்னார். “உனக்கு முன்னே ஒருத்தன் இருந்தாம்பா. நாலு மாசம். ராத்திரி பால் குடிச்சிட்டுப் படுத்தான். பெரட்டுக்குப் போக எந்திரிச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்தான். நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல.” நடந்தது 1980-இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார் என்பது எனக்கு அப்பொழுது விளங்கிற்று. இத்தகைய மனத்தின் முன் ‘யந்திரத்தை நிறுத்துங்கள்’ என்று அதிகாரம் செய்வது மனிதத்தன்மையாகாது. அச்சத்தை அப்படியே விட்டுவிடுவதும் அன்பாகாது. அறிந்ததை அவரோடு உட்கார்ந்து பேசுவது ஒன்றே வழி.

அறிந்தது யாது? காரணம் விளங்காமல் உறக்கத்திலேயே சிசுக்கள் இறந்துபோகும் அந்தத் திடீர் மரணம், முதல் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையே மிகுதி. நூற்றுக்குச் சுமார் 90 ஆறு மாதம் முடியுமுன் நேர்ந்துவிடுகின்றன. 1994-இல் அமெரிக்காவில், குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் இம்மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரையில், குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையில் தனிப் படுக்கை, அழுத்தமான சமதளமான மெத்தை, தலையணையும் போர்வையும் இல்லாமை, புகை படாமை என்பவற்றையே வற்புறுத்துகிறது. மூச்சையும் இதயத்துடிப்பையும் அளக்கும் வீட்டுக் கருவிகளைக்கூட இம்மரணத்தைத் தடுக்கும் உபாயமாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. அப்படியிருக்க, ஓசையை மட்டும் கடத்தும் பெட்டி, ஓசையின்றி வரும் ஆபத்தை எவ்வாறு தடுக்கும்?

“நீங்கள் கேட்கத் தவறவில்லை, அம்மா, கேட்பதற்கு அங்கே ஓசையே இருக்கவில்லை” என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நிற்க. பிள்ளையின் இடுப்பில் தாயத்துக் கட்டும் அண்டை வீட்டாரைப் பார்த்து, ஆங்கிலப் பள்ளிக்கூடம் சென்ற நம்மவர் நகைப்பதுண்டு. ஆனால் தாயத்தின் இலக்கணம் என்ன? அச்சத்தினால் கட்டப்படுவது, என்ன வேலை செய்கிறது என்று எவரும் கேளாதது, அவிழ்த்தால் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று எவரும் அவிழ்க்கத் துணியாதது. மின்சாரத்தில் ஓடுவதாலேயே ஒரு பொருள் விஞ்ஞானமாகிவிடாது. வேலை முடிந்த பின்னும் எரியும் பச்சை விளக்கு புதுத் தாயத்தேயாகும்.

அந்தப் பெட்டிக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு: சுவரைத் தாண்டிக் கேளாத குரலைத் தாண்டச் செய்தல். அவ்வேலை முடிந்ததா என்பதற்கு நாங்கள் மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டோம். முதலாவது, பெட்டி இல்லாமல், இரு கதவுகளும் திறந்திருக்க, குழந்தை கூப்பிட்டால் கேட்கிறதா? இதனை மழையிரவில் சோதிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தகரக் கூரையில் கொட்டும்போது ஜொகூரில் பக்கத்திலிருப்பவர் பேச்சே கேளாது. இரண்டாவது, குழந்தை தானே எழுந்து நம்மிடம் வரக் கூடுமா. வரும் வழியில் ஆபத்தில்லையா? அலமாரியைச் சுவரோடு இறுக்குவதும், குளியலறைத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைப்பதும், ஜன்னல் கம்பியைச் சரிபார்ப்பதும், கருவிகளின் கம்பி எதுவும் கட்டிலுக்கு மூன்றடிக்குள் தொங்காமல் ஒதுக்குவதும், பெட்டி செய்ய முடியாத காவல். மூன்றாவது, பிள்ளைக்கு வைத்தியர் சொன்ன தனி நோய் ஏதேனும் உண்டா? உண்டெனில் வைத்தியர் சொல்லே முடிவு. காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரக்கூடியது. ஆதலால் காய்ச்சல் இரவுகளில் பெட்டியைத் தேடாமல், ஒருவர் பிள்ளையருகே படுத்துக்கொள்வதே நலம்.

இதன் மேலும் இரண்டு சொல்ல வேண்டும். சிசுக்களின் உறக்கச் சுற்று ஒன்று சுமார் ஒரு மணி நேரந்தான்; ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுக்குப் போகும்போது முனகுவதும் சிணுங்குவதும் இயல்பு. ஒவ்வொரு முனகலுக்கும் ஓடினால், தானே உறங்கப்போகும் பிள்ளையை நாமே எழுப்புகிறோம். அன்றியும், சிறுவர் உறங்குமுன் தமக்குத் தாமே பேசுவார்கள். ரூத் வைர் என்ற மொழியியல் அறிஞர், இரண்டரை வயதான தம் மகன் இருட்டில் பேசியவற்றைப் பதிவு செய்து 1962-இல் ஒரு நூலே வெளியிட்டார். அப்பேச்சில் குழந்தை சொற்களை மாற்றி மாற்றி வைத்துப் பழகுகிறது என்று அவர் காட்டினார். எங்கள் மகளும் அன்று கண்ட கோழியையும் லாரியையும் பற்றித் தனக்குள் பேசுவாள். அது அவளுடைய பேச்சு. வளரும் மனிதப் பிறவிக்கு, எவரும் ஒட்டுக் கேளாத ஒரு நாழிகை வேண்டாவா?

முதலில் பெட்டியின் ஓசையைக் குறைத்தோம். பிறகு மழை நாட்களில் மட்டும் வைத்தோம். ஒரு மாதம் சென்றதும் நிறுத்தினோம். நிறுத்திய நான்காம் இரவு, மழைக்கிடையே, “பாட்டி!” என்று ஒரு குரல் வந்தது. நாங்கள் எழுமுன் என் தாயார் அங்கிருந்தார். பிள்ளைக்குத் தாகம், அவ்வளவே. தண்ணீர் குடித்துத் தூங்கிவிட்டாள். தாயார் வெறும் பெட்டியை ஒரு பழைய கைலித் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். எறியவில்லை, நானும் எறியச் சொல்லவில்லை. ஆனால் அவர் இப்பொழுது உறங்குகிறார். சில விடியல்களில் அவரை நாங்கள் எழுப்ப வேண்டியிருக்கிறது.

பெற்றோரே! காவலைத் தொடங்கும் நாளைப் போலவே முடிக்கும் நாளையும் அறிவினால் குறியுங்கள். உங்கள் அச்சம் முழுவதும் தீர்ந்த பிறகு நிறுத்தலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வாராது. பிள்ளையின் குரல் உங்களை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டுமானால், கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கப் போங்கள்.