ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டின் படம் வந்தது. அனுப்பியவள் 2001-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இன்று அவளுக்கே இரண்டு பிள்ளைகள். முடி அதிகமாகக் கொட்டுகிறது என்று எங்கேயோ சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்திருக்கிறாள். சீட்டில் 'ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80' என்று இருந்தது. அதை கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு லூபஸா? என் புள்ளைங்கள யார் பாப்பாங்க?" என்று குரல் பதிவு. பாதிக்கு மேல் அழுகைதான்.

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், என் வீட்டு விஷயம் தெரிந்த சிலரில் அவளும் ஒருத்தி. உறவில் பலருக்குத் தெரியாது. என் மகளுக்கு 2016-இலிருந்து லூபஸ் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கல்யாணம் செய்தோம். நம் பக்கத்தில்தான் மறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆளாளுக்கு ஒரு பேச்சு வருமே என்ற பயம். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா, என் பேரு மட்டும் போடாத" என்றாள்.

அப்போது அவளுக்கு 24 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. சாயங்காலம் லேசான காய்ச்சல், வாயில் புண், சீப்பு நிறைய முடி. "ராத்திரி பூரா போன் பாத்தா இப்படித்தான்" என்று திட்டியவள் நான்தான். ஒரு மருத்துவர் சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார். இன்னொருவர் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை தொடங்கப் போனார். சித்திரைத் திருவிழாவில் வெயிலில் நின்றுவிட்டு வந்தபோது மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தடித்திருந்தது. புதுசாக வாங்கிய முகப்பூச்சு என்று நினைத்து அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பாவம், அந்தக் கிரீம் என்ன செய்தது!

கால் வீங்கிய பிறகுதான் எங்கள் ஊர் வயதான டாக்டர் சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். புரதம் மூன்று பிளஸ். உடனே மதுரையில் ஒரு ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் நல்ல ஆசிரியராகியிருக்க வேண்டியவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். நம் ரத்தத்தில் கிருமிகளைப் பிடிப்பதற்கு எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. சிலருக்கு அவை வழிதவறி, சொந்த செல்லின் உட்கருவையே எதிரி என்று பிடிக்கத் தொடங்கிவிடும். அதைத் தேடுவதுதான் ஏஎன்ஏ. கண்ணாடித் துண்டில் மனித செல்களை வைத்து, அதன்மேல் நம் ரத்த நீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் உட்கரு பச்சையாக ஒளிரும். ரத்த நீரை நீர்மோர் மாதிரி நீர்க்க நீர்க்கக் கலக்கி, எதுவரை ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். 1:80 என்றால் 80 மடங்கு நீர்த்தும் ஒளிர்கிறது என்று பொருள். என் மகளுக்கு 1:640.

இங்கேதான் என் மாணவி பயந்துபோனாள். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவாக வரும். ஆனால் ஏஎன்ஏ பாசிட்டிவாக வந்தவர்களுக்கெல்லாம் லூபஸ் கிடையாது. காக்கை எல்லாம் கருப்புதான், கருப்பாக இருப்பதெல்லாம் காக்கையா? 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு 1:80 அளவில் வந்திருக்கிறது. தைராய்டு கோளாறிலும் வரும், சில மருந்துகளாலும் வரும், என்னைப் போல வயதானவர்களுக்குச் சும்மாவும் வரும். அறிகுறி ஒன்றும் பார்க்காமல் பொட்டலம் பொட்டலமாகப் பரிசோதனை விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

அதனால் ஏஎன்ஏவோடு நிற்கமாட்டார்கள். அடுத்து டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள். இது பெரும்பாலும் லூபஸில்தான் நல்ல அளவில் வரும். நோய் கிளம்பும்போது, முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தொடும்போது, பலருக்கு ஏறும். கூடவே சி3, சி4 என்ற புரதங்கள் இறங்கும். என் மகளுக்கு அது ஏறியிருந்தது, இவை இறங்கியிருந்தன. சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ஸ்மித் எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டு. யாரிடம் முதலில் கண்டார்களோ அந்த நோயாளியின் பெயர்தான் அதற்கு. அது வந்தால் லூபஸ் என்பதற்கு வலுவான சாட்சி. ஆனால் லூபஸ் உள்ள பெரும்பாலோருக்கு அது வராது. என் மகளுக்கும் இல்லை. "இல்லைன்னு வந்திருக்கே சார், அப்ப நோய் இல்லதானே?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் லூபஸ் நோயாளிகளின் மாதிரிகளில் ஒரு விசித்திரமான செல்லைப் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. 1989-இல் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நின்றால் முகம் சிவந்து மயங்கிவிடுவாள். மாதத்தில் பாதி நாள் வரமாட்டாள். சாக்குப்போக்கு என்று வெளியே நிறுத்தியிருக்கிறேன். பத்தாவது படிக்கும்போது சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அவளுக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. மகளின் சீட்டைக் கையில் வாங்கிய அன்று எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

மகள் கர்ப்பமானபோது இன்னொரு பெயர் முன்னால் வந்தது: ரோ எதிர்ப்பொருள். முதல் வருடமே பாசிட்டிவ் என்று சீட்டில் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைத்துவிடலாமாம். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத்தான் அப்படி ஆகும் என்றார்கள். அந்த ஒன்றிரண்டு என் கணக்கில் நூறாகத்தான் விழுந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினாறாம் வாரத்திலிருந்து அடிக்கடி ஸ்கேன். ஒவ்வொரு முறையும் அந்த டக் டக் சத்தம் கேட்கும்வரை நான் வராந்தாவில் உட்காரவே இல்லை. உங்களில் பலர் தொட்டிலில் போட்டுப் பாடிய என் பேத்திதான் அவள். இதயம் நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

என் மாணவியை மறுநாளே மருத்துவரிடம் போகச் சொன்னேன். மூட்டு வலி, புண், தடிப்பு ஒன்றும் இல்லை. சிறுநீர் சுத்தம். முடி கொட்டியதற்குத் தைராய்டுதான் காரணம் என்றாராம். ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம், புதிதாக ஏதாவது தெரிந்தால் வா என்று அனுப்பிவிட்டார்.

ஆவணியில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மகள் வருவாள். முழுக்கை ரவிக்கை போட்டிருப்பாள், மண்டபத்து வாசலுக்கும் குடை பிடித்துக்கொண்டுதான் வருவாள். மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பியிருக்கும். தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். "என்னடி இப்படி ஊதிப்போய்ட்ட" என்று மட்டும் அத்தைமார்கள் கேட்க வேண்டாம்.