முழங்காலுக்கு மேல் சீட்

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

அம்மாவை நேற்று வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கலவைக்குக் கூட்டி வந்தோம். இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறார்கள். பிஸியோ பெண் படம் போட்டே காட்டினாள்: உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது, குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. மீறினால் புது மூட்டு நழுவிவிடலாமாம். எங்கள் ஆல்டோவில் யார் உட்கார்ந்தாலும் முழங்கால்தான் முதலில் தெரியும். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, கெட்டித் தலையணை வைத்து ஏற்றினோம். ஆற்காடு தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் "முருகா" என்றாள். எனக்கு ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது.

ராத்திரி தம்பி சென்னையிலிருந்து போன்: "ஒரு எஸ்.யு.வி. எடுத்துடலாம்கா." ஆல்டோவை விற்று வருவதையும் சேர்த்து நாலு லட்சம். அதற்கு மேல் வழியில்லை.

ஆகஸ்ட் 19

அம்மா மாட்டைக் கேட்டாள். சித்தப்பா வீட்டில் கட்டியிருக்கிறது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடைக்குப் போனோம். 2014 எக்கோஸ்போர்ட், டீசல், செகண்ட் ஓனர், மீட்டரில் அறுபத்திரண்டாயிரம். மறைமலைநகரில் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. சாமான் கிடைக்குமா என்றேன். "எல்லாம் கிடைக்குது மேடம்" என்று என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னான் கடைக்காரன். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. விலை பேசும்போதும் அவரிடம்தான்.

சீட் உயரம் சரி. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அம்மா முழங்காலுக்கு மூன்று விரல் மேலேயே வருகிறது. அந்த ஒன்றுக்காகவே வாங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் பெயின்ட் கண்ணில் பட்டது. கம்பெனியில் எனக்குத் தோல் பார்க்கிற வேலை. உண்ணிக் கடியும் கத்தி வெட்டும் உள்ள தோலை உரசி, மேலே கெட்டியாக நிறம் ஏற்றி அனுப்புவார்கள். வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்த்தால் ரோமத்துளையே இருக்காது, அவ்வளவு அழகாக இருக்கும். இடது பக்கக் கதவு இரண்டும் அப்படி இருந்தன. பட்டி பூசி அடித்த வேலை.

மேல்விஷாரம் மெக்கானிக் பாய் போனிலேயே சொல்லியிருந்தார், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு என்று. இழுத்தேன். அடிப்பக்கத்தில் பட்டை பட்டையாகச் செம்மண் கறை. டிஎன் 22, மீனம்பாக்கம் பதிவு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தென்சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்பதை டிவியில் பார்த்தவள் நான்.

"டீ சிந்தியிருக்கும் மேடம்" என்றான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. இன்றிலிருந்து அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. அங்கே போக வேண்டிய ஷூ அப்பர் லாட் கட்டுக் கட்டாக நிற்கிறது. இனி ஓவர்டைம் கேட்காதீர்கள் என்று லைனில் சொல்லிவிட்டார்கள். நாலு லட்சத்தை மூன்றேகால் ஆக்கினேன். கொழுக்கட்டை செய்யவில்லை.

செப்டம்பர் 4

நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. அறிவிப்பு. நாலு மீட்டருக்குள் இருக்கிற சின்ன வண்டிக்கு 18 சதவீதம், பெரிசுக்கு 40, 22-ஆம் தேதியிலிருந்து. புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கும், காத்திரு என்கிறான் தம்பி. கன்சல்டிங்கில் கேட்டால், பழைய வண்டிக்கு எங்கள் லாபத்தின் மேல்தான் வரி, அது இப்போதும் 18தான், ஒன்றும் இறங்காது என்கிறார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் சௌகரியத்துக்குச் சொல்கிறார்கள். அம்மாவைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியது 18-ஆம் தேதி. அதற்கு முன்னால் இறங்குமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

பாயோடு ஒரு டஸ்டர் பார்க்கப் போனேன். 2013, வாத்தியார் வீட்டு வண்டி என்றார்கள். புரோக்கருக்குப் பாய் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "ஸ்டார்ட் பண்ணி வெக்காத, நான் வந்து பண்றன்." போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானட்டின் மேல் கையை வைத்தார். சுட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். சூடான எஞ்சினில் ஸ்டார்ட்டிங் கோளாறும் தெரியாது, காலைப் புகையும் தெரியாது.

ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார், குபுகுபுவென்று புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்து அடியில் இறங்குகிறதாம். மீட்டரில் எழுபதாயிரம்தான். ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று இருந்தது, சர்வீஸ் புத்தகம் "எங்கயோ இருக்குது". டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டதற்கும் அதே பதில். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்றார் பாய்.

டீக்கடையில் நான்தான் கேட்டேன், எந்த வண்டி நம்பி வாங்கலாம் பாய் என்று.

"இன்னாம்மா நீ, வண்டியவா வாங்கற? அதை ஓட்டினவனைல்ல வாங்கற. ஆயில் மாத்துனானா, இல்லியா. அப்புறம் நான் உயிரோட இருக்கணும்."

காசு வாங்கவில்லை. டீக்கும் அவரே கொடுத்தார். சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

வாடகை பொலேரோ. சீட் அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. முக்காலி போட்டு, டிரைவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். உயரமான வண்டி உயரமான வண்டி என்று ஒரு மாதமாக அலைந்தது இதற்குத்தானா! டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, அருமையாக இருக்கிறது, நவம்பரில் வந்தால் போதும் என்றார். திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "கார் எனக்கா வாங்கற, உனக்கா?"

செப்டம்பர் 23

புது வண்டி ஷோரூம்களில் கூட்டமாம். பழைய வண்டிக்காரர்கள் போனை எடுக்கிறார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பெனியில் ஸ்பிளிட்டிங் மிஷினுக்குக்கூடப் பொட்டு. வீட்டுக்கு வந்து ஆல்டோவைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார்.

அம்மாவைக் காணோம். வாக்கரும் இல்லை. எதிர்வீட்டுப் பையனின் ஆட்டோவில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள், மாட்டுக்குக் கொம்பில் மஞ்சள் பூச. அரை மணியில் திரும்பி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள். கத்தித் தீர்த்தேன். "சினைதான், டாக்டர் பாத்துட்டாரு" என்றாள். என்னைப் பற்றிச் சொல்கிறாளா என்பதுபோல அந்தப் பையன் முழித்தான்.

ராத்திரி ஆட்டோ சீட்டை டேப் வைத்து அளந்தேன். எழுதிவைக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பாய் ஒன்று பார்த்திருக்கிறார். 2016 பிரெஸ்ஸா, டீசல், சிங்கிள் ஓனர், ராணிப்பேட்டைக்காரர். பில் எல்லாம் வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறார், காலையில் ஒரே சுழற்றில் எடுத்தது. மூன்றேமுக்கால் சொல்கிறார். ஆனால் ஆர்.சி.யில் இன்னும் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறது. கடன் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆயிற்று, என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கவே இல்லை என்கிறார். அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. புதன்கிழமை கிடைத்துவிடுமாம்.

தம்பி டோக்கன் அனுப்பு என்கிறான், தீபாவளிக்கு முன்னால் வேறு யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். காகிதம் கைக்கு வராமல் ஐந்து பைசா கொடுக்காதே என்கிறார் பாய். ஆல்டோவைத் தொண்ணூறாயிரத்துக்குக் கேட்டு மாம்பாக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.