மரத்துக்குக் கிடைத்த ஊர்ப்பெயர்

தென் பிரான்சின் மத்தியதரைக் கரையில், குன்றின்மேல் அமைந்த சிற்றூர் போர்ம். குளிர் நீங்காத பெப்ரவரியில் அங்கே மலர்த் தேர்கள் பவனி வரும். அவற்றுக்கு அழகூட்டுவது, மஞ்சட்பொடி தூவினாற் போன்று பூக்கும் மிமோசா. அது அம்மண்ணுக்குரிய மரமன்று; 19ஆம் நூற்றாண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து அக்கரைக்கு வந்தது. எனினும், 1968இல் அவ்வூர் தன் பெயரோடு மிமோசாவின் பெயரையும் இணைத்துக்கொண்டது.

அம்மரத்தின் இனத்தவை நுவரெலியாக் குன்றுகளிலும் நிற்கின்றன. அதே நூற்றாண்டில், கோப்பிக்கும் தேயிலைக்குமாக இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவன் நான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எம்மவரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே பிறந்தது. வந்த மரத்தைத் தேரேற்றிக் கொண்டாடும் அவ்வூரை எண்ணுந்தோறும், கொழுந்து பறித்தே கூனிய என் பாட்டியின் முதுகு கண்முன் நிற்கிறது.